ஜோடியாக வரச்சொல்லும் சிகரட் கிளினிக்: மூன்றரை நட்சத்திரம், காரணத்தோடு

கிளினிக்கின் பெயரைப் போடமாட்டேன். நல்லதும் எழுதுவேன், குறையும் எழுதுவேன், ஊரோ சின்னது. யாழ்ப்பாணம் நகரத்துக்குள், கீழே பார்மசி, மேல்மாடியில் கிளினிக் என்று மட்டும் சொல்லலாம். அப்படிப் பார்த்தால் நகரத்தில் பாதிக் கட்டடம் அதுதான். ஆகவே ஒருவரும் மனம் நோகத் தேவையில்லை.

சிகரட்டை விடுவதற்கு ஆலோசனை தருகிற இடம். புதினம் என்னவென்றால், தனியாகப் போனால் பதியமாட்டார்கள். மனைவியோ, அம்மாவோ, கூட்டாளியோ, யாராவது ஒருவர் கூட வரவேண்டும். நாலு தரம் கூப்பிடுவார்கள், இடையில் போன் எடுத்துக் கதைப்பார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து முதல் நாளே காசு. ஸ்பெஷலிஸ்ட் ஒருவரைப் பிரைவேட்டில் இரண்டு தரம் பார்க்கிற செலவுக்குக் கிட்ட வரும். மருந்துக்காசு வேறு. தனியாகப் போகக்கூடிய மற்ற இடங்களைவிடக் கூட வாங்குகிறார்கள், அதற்குக் காரணம் அந்தக் கூட வருகிற ஆள்தான். அந்த மேலதிகக் காசுக்குப் பெறுமதி உண்டா என்பதுதான் இந்த எழுத்து.

இவருக்கு, அதாவது என் புருசனுக்கு, ஐம்பது தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஹாட்வெயார் கடை. எழும்பிக் கிணத்தடிக்குப் போகும்போதே ஒன்று பற்றினால்தான் அன்றைய நாள் தொடங்கும். நான் கணக்கு ரீச்சர். சிகரட்டைப் பற்றி எனக்கு ஒரேயொரு அபிப்பிராயம்தான், அதைக் கலியாணம் முடித்த காலத்திலிருந்து இவர் கேட்டுக்கொண்டு இருக்கிறார். கிளினிக்குக்குப் போகலாம் என்று சொன்னது இவர்தான், நான் இல்லை. தன் வயதுக்காரர் ஒருவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததைப் பார்த்துவிட்டு வந்த இரவு சொன்னார். "நீரும் வரவேணுமாம்" என்றார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போடுகிறதா என்று யோசித்தேன், போட்டேன்.

முதல் நாள் டொக்டரின் விளக்கம். திரையில் கறுத்த சுவாசப்பை, வாய்ப்புற்று, அடைபட்ட இரத்தக்குழாய் என்று ஒவ்வொன்றாக வந்து போனது. காசுக்குப் பெறுமதி இல்லாத பகுதி இதுதான். 2015 முதல் இலங்கையில் சிகரட் பெட்டியின் 80 சதவீதத்தை இந்த மாதிரிப் படங்கள் மூடியிருக்கின்றன. ஆனால் இவர் பெட்டி வாங்குகிற ஆள் இல்லை. தேத்தண்ணிக்கடையில் ஒன்று ஒன்றாக வாங்குகிறவர். படம் கடைக்காரரின் லாச்சிக்குள் இருக்கும், சிகரட் இவருடைய வாயில் இருக்கும். எங்கே வாங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு, ஆருடன் நின்று பற்றுகிறீர்கள் என்று டொக்டர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த நேரத்துக்குப் பிரயோசனம் இருந்திருக்கும்.

புகையிலை எமது பண்பாட்டுக்கு அந்நியமானது என்றும் ஒரு வரி திரையில் வந்தது. நான் வாய் திறக்கவில்லை. என் அப்பப்பா கோப்பாய்ச் செம்மண்ணில் புகையிலை செய்தவர். நான் படித்ததே அந்தக் காசில்தான். ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பல் ஏறியிருக்கிறது. எங்கள் பக்கத்துக் கல்வீடுகளில் எத்தனை புகையிலைக் காசில் எழும்பியது என்று அந்த டொக்டர் தன் அப்பப்பாவைக் கேட்டாலே சொல்லியிருப்பார். சிகரட் கெடுதல் என்று சொல்ல இந்தப் பொய் தேவையில்லை.

பிறகு மூச்சை ஊதிப் பார்க்கிற கருவி வந்தது. இது எனக்குப் பிடித்தது. மூச்சை 15 செக்கன் அடக்கி, பிறகு ஆறுதலாக ஊதவேண்டும். சிகரட் புகையில் இருக்கிற காபனோரொட்சைட்டு இரத்தத்தில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும். மூச்சில் அது எவ்வளவு வருகிறது என்பதைக் கருவி இலக்கமாகக் காட்டும். 10க்குக் கீழே என்றால் புகைக்காதவர் கணக்கு, 6 என்று வைக்கிற இடங்களும் உண்டு. இவர் ஊதச் சிவப்பு எரிந்தது. என்னையும் ஊதச் சொன்னார்கள், எனக்குப் பச்சை. இவர் அந்த இலக்கத்தைக் கடைக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தார். படத்துக்கு அசையாத மனிசன் இலக்கத்துக்கு அசைந்ததைப் பார்த்து எனக்கே அதிசயம். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அந்த வாயு ஒரு நாளுக்குள் உடம்பை விட்டுப் போய்விடும். முதல் நாள் மட்டும் பற்றாமல் வந்தால் பச்சைதான் எரியும். ஆகவே அது ஏமாற்ற விரும்பாதவருக்குத்தான் உதவும்.

இனித்தான் காசு கொடுத்த விசயம். ஆலோசனை சொல்கிற பிள்ளை இளம் வயது. இவரை அண்ணை என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிட்டது. நான் படிப்பிக்கிறேன் என்று தெரிந்த பிறகு ரீச்சர். இரண்டு பேருக்கும் ஒரே கேள்வித்தாளைத் தந்து, தள்ளி இருந்து நிரப்பச் சொன்னது. ஆருடைய தாள் என்று கேட்டேன். ஷெல்டன் கோஹன், எட்வேர்ட் லிக்டென்ஸ்டைன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990 இல் வெளியிட்ட ஆய்வில் இருந்து வந்ததாம். 20 கேள்வி. 10 நல்லது, 10 கெட்டது. கூட இருக்கிறவர் பாராட்டினாரா, எரிச்சல் வந்தபோது ஆறுதல்படுத்தினாரா, உங்களால் முடியும் என்று சொன்னாரா என்பவை ஒரு பக்கம். மனவுறுதி இல்லாத ஆள் என்றாரா, விடுவீர்கள் என்று நம்பவில்லை என்றாரா, புகை மணக்கிறது என்று முறைப்பட்டாரா என்பவை மறுபக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒருநாளும் இல்லை, இடைக்கிடை, அடிக்கடி என்று அடையாளம் போடவேண்டும்.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே வீட்டைப் பற்றியதென்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். மனவுறுதிக் கேள்விக்கு நான் இடைக்கிடை என்று போட்டிருந்தேன், இவர் அடிக்கடி. பாராட்டுக்கு நான் இடைக்கிடை, இவர் ஒருநாளும் இல்லை.

"விட்டால்தானே பிள்ளை பாராட்டுறது? விடாத ஆளை என்னெண்டு பாராட்டுறது?" என்று கேட்டேன்.

அது சிரித்துவிட்டு, "அக்கா சொல்லுறதும் சரிதான். பாராட்டவேண்டாம். மற்றப் பக்கத்தை மட்டும் குறைச்சுப் பாப்பமா?" என்றது.

பிறகு விளக்கியது. அந்த ஆய்வில் முக்கியமாக வந்தது நல்லதுக்கும் கெட்டதுக்கும் இடையிலான விகிதமாம். விகிதம் என்றால் எனக்கு விளங்கும். மேலே உள்ளதைக் கூட்டினாலும் ஏறும், கீழே உள்ளதைக் குறைத்தாலும் ஏறும். எனக்கு இரண்டாவது சுலபம். வாய் நிறையப் புகழ்கிற பழக்கம் எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒருவருக்கும் கிடையாது, ஐம்பது வயதில் அதை நடிக்கத் தொடங்கினால் இவர் எனக்குத்தான் ஏதோ வருத்தம் என்று டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவார். இவ்வளவு காலம் கத்தியது பிழை என்று நான் இப்போதும் சொல்லவில்லை. கத்தினால் விகிதம் ஏறாது என்பதை ஒத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளை இவரைக் கேட்ட அடுத்த கேள்விக்கு மட்டும் பாதிக் காசைக் கொடுக்கலாம்.

"அண்ணை, விரதம் ஏதும் பிடிக்கிறனீங்களோ?"

"கந்தசஷ்டி. ஆறு நாளும்."

"அந்த ஆறு நாளும் சிகரட்?"

"சீச்சீ. அதெப்பிடி?"

உண்மை. ஐப்பசியில் கந்தசஷ்டி என்றால் இவர் வேறு ஆள். பின்னேரம் பாலும் பழமும் மட்டும், நல்லூரில் போய் நிற்பார், சூரன்போர் பார்ப்பார், ஒரு புகை கிடையாது. நானும் அதை ஒவ்வொரு வருசமும் பார்க்கிறேன். சாமி பார்த்துக்கொள்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளை கணக்காகச் சொன்னது: நிக்கொட்டின் இல்லாமல் உடம்பு படுத்துகிற பாடு இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சம். பிறகு இரண்டு தொடக்கம் நாலு கிழமைக்குள் குறைந்துகொண்டு போகும். "அண்ணை வருசா வருசம் அந்த உச்சத்தைத் தாண்டுறியள். தாண்டிப்போட்டு ஏன் திரும்பிப் போறியள்?"

"பழக்கம்தான் தங்கச்சி."

"ஆரோட?"

இவர் பதில் சொல்லவில்லை. எனக்குப் பதில் தெரியும். பாறணைச் சோறு சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காயமுதல் எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியாதா? கடைக்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்துகிற அண்ணை, அதற்குப் பக்கத்தில் தேத்தண்ணிக்கடை. இரண்டு பேரும் ஒரே நெருப்பில் பற்றி, ஒரு பிளேன்டீயுடன் நின்று ஊர்க்கதை கதைப்பார்கள். முருகனிடம் ஆறு நாள் நின்ற மனிசனை அந்தத் தேத்தண்ணிக்கடை ஏழாம் நாள் எடுத்துக்கொண்டு போய்விடும்.

அடுத்த தரம் அந்த அண்ணையைக் கூட்டி வரச்சொன்னார்கள். என்னை வீட்டில் நிற்கச் சொன்னார்கள். காசில் பாதி கட்டினது நான்! வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எனக்கு அது பிடிக்கவேயில்லை. ஆனால் இந்தச் சேவைக்கு நான் போடுகிற நட்சத்திரங்களில் ஒன்று முழுதாக அதற்குத்தான். கூட வருகிறவர் மனைவியாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் பெரும்பாலும் புருசன்தான் பற்றுகிறவர், மனைவி வாசலில் நின்று மணந்து பார்க்கிறவள். அவள் என்னத்தை விடுவது?

2015 இல் வந்த ஓர் ஆய்வு பற்றிப் பிறகு வாசித்தேன். இங்கிலாந்தில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 3722 ஜோடிகளைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். புகைக்கிற பெண்களில், புருசனும் அதே காலத்தில் விட்டபோது 50 சதவீதமானோர் விட்டிருக்கிறார்கள். புருசன் ஏற்கெனவே புகைக்காதவர் என்றால் 17 சதவீதம். புருசன் தொடர்ந்து புகைத்தால் 8. ஆண்களிலும் போக்கு அதேதான். அந்த 17ஐயும் 50ஐயும் பாருங்கள். புகைக்காத துணையைவிட, சேர்ந்து விடுகிற துணை எவ்வளவு பெரிய விசயம். எங்கள் கதையில் சேர்ந்து பற்றுகிறவர் நான் இல்லை, சைக்கிள் கடை அண்ணை. ஆகவே கூட்டிக்கொண்டு போகவேண்டிய ஜோடியும் அவர்தான்.

அந்த அண்ணை விட்டாரா? இல்லை. ஆனால் இவருக்கு நீட்டுவதில்லை, கடை வாசலில் நின்று பற்றுவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தார், சொன்ன மாதிரி நடக்கிறார். தேத்தண்ணிக்கும் இரண்டு பேரும் இப்போது கொஞ்சம் தள்ளியுள்ள சைவக்கடைக்குப் போகிறார்கள். அங்கே சிகரட் விற்பதில்லை. ஊர்க்கதை குறைந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு வேலை தராமல் விடவில்லை. தந்தவை சின்னச் சின்ன வேலைகள், அதுதான் நல்லது. முதலாவது பிளேன்டீ. சிகரட் புகைக்கிறவர் உடம்பில் கஃபீன் கெதியாகக் கரைந்துபோகுமாம். சிகரட்டை விட்டவுடன் அந்த வேகம் குறையும், முந்திக் குடித்த அதே அளவு தேத்தண்ணியும் கோப்பியும் இரத்தத்தில் கூட நேரம் நிற்கும். நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது, சின்ன விசயத்துக்கும் கோபம் வரும். நாங்கள் அதையும் சிகரட்டின் கணக்கில்தான் எழுதியிருப்போம். சாயத்தைக் குறைத்து, பின்னேரத்துக்குப் பிறகு மல்லித்தண்ணி கொடுக்கச் சொன்னது அந்தப் பிள்ளை. கொடுத்தேன். இவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார், ஆனால் இரவில் படுத்தார். என்னத்தைச் சொல்லி ஆறுதல்படுத்துவது என்று தெரியாத என்னைப் போன்ற ஆட்களுக்கு, கேத்திலைக் கையில் தருகிற ஆலோசனைதான் சரி.

இரண்டாவது நிக்கொட்டின் சூயிங்கம். எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரட் என்றால் 4 மில்லிகிராம், இல்லாவிட்டால் 2. இவருக்கு 4. கீழே உள்ள பார்மசியிலேயே கிடைத்தது, விலை கூட. ஆனால் இந்தக் காலத்தில் ஒரு தனிச் சிகரட்டின் விலைக்கு ஓர் இறாத்தல் பாண் வருகிறது, ஆகவே வித்தியாசம் நினைத்த அளவு இல்லை. முதல் நாள் இவர் அதைப் பிள்ளைகள் சப்புகிற மாதிரி அடித்துச் சப்பி, விக்கல் எடுத்து, "உது சரிவராது" என்று தூக்கி வைத்துவிட்டார். போனில் கேட்டேன். வெற்றிலை போடுகிறவர்கள் செய்கிற மாதிரித்தான்: கொஞ்சம் சப்பி, காரம் ஏறினவுடன் கன்னத்துக்குள் அடக்கிவிட வேண்டும். காரம் போனால் திரும்பவும் கொஞ்சம் சப்பவேண்டும். அரை மணித்தியாலம் அப்படியே. அதற்குக் கால் மணித்தியாலம் முந்தியும், வாயில் இருக்கும்போதும் தேத்தண்ணி, கோப்பி, சோடா ஒன்றும் கூடாது. குடித்தால் நிக்கொட்டின் வாயில் ஏறாது. கிழவி சொல்லித் தந்திருந்தால் எப்போதோ விளங்கியிருக்கும். கிளினிக்கில் தந்த துண்டுப்பிரசுரத்தில் இது இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் எழுவாய் ஓரிடத்தில், பயனிலை வேறிடத்தில் நிற்கிற தமிழ். ஒரு பரீட்சைத்தாளில் வந்தால் சிவப்பால் சுழித்திருப்பேன்.

இனிக் குறை. பெரிய குறை வட்ஸ்அப். ஒவ்வொரு நாளும் இரவு எனக்கு ஒரு செய்தி வரும்: இன்று உங்கள் துணைவர் புகைத்தாரா, ஆம் அல்லது இல்லை. மேசையில் இருந்து ஒரு பிள்ளை, புருசனின் சட்டைப் பையைத் தடவாதீர்கள், மணந்து பார்க்காதீர்கள் என்று சொல்கிறது. அதே இடத்தின் போன் என்னை உளவு பார்க்கச் சொல்கிறது. நான் ஆம் என்று அனுப்பினால் அடுத்த நாள் இவருக்குப் போன் போகும். அப்போது சொல்லிக் கொடுத்தது ஆர் என்று இவருக்குத் தெரியாமல் போகுமா? நிற்பாட்டச் சொல்லிக் கேட்டேன். அது தானாகப் போகிற செய்தியாம், நாலு தரமும் முடியும்வரை நிற்பாட்ட ஏலாதாம். கடைசியில் நான் செய்தது, செய்தி வந்தவுடன் போனை இவரிடம் நீட்டினேன். "உங்களைத்தான் கேக்கினம், நீங்களே அடியுங்கோ." அவரே பதில் அடித்தார். கிளினிக்காரர் இதை வாசித்தால் அந்தச் செய்தியைப் புகைக்கிறவரின் போனுக்கே மாற்றுங்கள். அரை நட்சத்திரம் அங்கே போனது.

அடுத்தது, காசு வாங்குகிற மேசைக்குப் பின்னால் ஒட்டியிருந்த வாசகம். துணையோடு வந்தால் வெற்றி உறுதி என்று போட்டிருந்தது. கணக்குப் படிப்பிக்கிறவளுக்கு உறுதி என்ற சொல்லைக் கண்டால் கை சும்மா இராது. தேடிப் பார்த்தேன். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுகிற கொக்ரேன் என்ற அமைப்பு இதே கேள்வியை எடுத்திருக்கிறது. 2018 இல் புதுப்பித்த அறிக்கையில் 14 ஆய்வுகள், 3000க்கு மேற்பட்ட ஆட்கள். துணைக்குப் பயிற்சி கொடுத்ததால் நீண்ட காலத்துக்கு விட்டவர்களின் தொகை கூடியதாகத் தெரியவில்லை என்பதுதான் முடிவு. பயிற்சிக்குப் பிறகு துணையின் நடத்தை உண்மையில் மாறியதா என்று அளந்தவற்றிலும் பெரும்பாலானவற்றில் மாறவில்லை. அதாவது, கத்தாதே என்று சொல்லிக் கொடுத்தாலும் கத்துகிறவர்கள் கத்தினார்கள். எனக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. அதே அமைப்பு நிக்கொட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டுகிற நிக்கொட்டின் பட்டி போன்றவற்றைப் பார்த்தபோது, விடுகிற வாய்ப்பு 50 முதல் 60 சதவீதம் கூடுவதாகக் கண்டிருக்கிறது. எனவே சுவரில் ஒட்டவேண்டியது மருந்தைப் பற்றி.

அடுத்த தரம் போனபோது அந்தப் பிள்ளையிடம் நேரே கேட்டேன். மழுப்பவில்லை. "ஓம் ரீச்சர், அந்த அறிக்கை எனக்கும் தெரியும். துணை வந்தால் விடுவினம் எண்டு நான் சொல்லமாட்டன். துணை வந்தால் வீட்டில என்ன நடக்குது எண்டு எனக்குத் தெரியவரும், அதுக்குத்தான் கூப்பிடுறன்" என்றது. விரதக் கதையும் சைக்கிள் கடை அண்ணையும் வெளியில் வந்தது அப்படித்தானே. இவரைத் தனியாக விட்டிருந்தால் எல்லாக் கேள்விக்கும் "பழக்கம்தான் தங்கச்சி" என்று சொல்லி முடித்திருப்பார். அந்தப் பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம். ஒட்டின வாசகத்துக்கு ஒரு நட்சத்திரம் வெட்டு.

இப்போது விட்டுவிட்டாரா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இதை எழுதுகிற அன்றுவரை பற்றுவதில்லை. இடையில் ஒரு செத்தவீட்டில் ஒன்று நடந்தது. எங்கள் ஊர்ச் செத்தவீட்டில் தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு சுருட்டும் சிகரட்டும் வரும், உங்களுக்குத் தெரியும். இரவிரவாக முழித்திருக்கிற வேளை, ஒன்று எடுத்துவிட்டார். வந்து தானாகவே சொன்னார், படலையில் மோட்டச்சைக்கிளை விட்டு இறங்கமுதலே. பழைய கணக்கில் இது மூன்று நாள் சண்டைக்குப் போதும். அந்தப் பிள்ளை இதற்கென்றே முதலில் ஒரு வசனம் சொல்லித் தந்திருந்தது: எங்கே, எத்தனை மணிக்கு, ஆர் தந்தது என்று மட்டும் கேளுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டேன். எட்டு மணிக்குப் பிறகு, பந்தலுக்குப் பின்னால், மச்சான்காரன். அடுத்த செத்தவீட்டுக்கு இவர் சூயிங்கத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார், தட்டம் வந்தபோது பாக்கை மட்டும் எடுத்தாராம். பாக்கும் நல்லதில்லை, வாய்க்குப் புற்று வரவைக்கிற சாமான் தான். அதற்கு வேறு ஒரு நாள் கத்தலாம் என்று வைத்திருக்கிறேன்.

ஆர் போகலாம்? தானாக விட நினைக்கிறவர், வீட்டில் ஒருவராவது கூட வரச் சம்மதிக்கிறவர், காசு கொஞ்சம் ஒதுக்கக்கூடியவர். மனைவி இழுத்துக்கொண்டு போகிற கேஸ் என்றால் வேண்டாம், அந்தக் காசில் ஒரு கதவு திருத்தலாம். காசு வில்லங்கம் என்றால், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 என்ற இலக்கம் இருக்கிறது, போனில் ஆலோசனை கேட்கலாம். போனில் கதைத்துவிட்டு, இங்கே நான் எழுதின பிளேன்டீயையும் சூயிங்கத்தையும் வீட்டில் செய்து பாருங்கள். ஆரோடு நின்று பற்றுகிறார் என்ற கேள்வியைக் கேட்கவும் காசு தேவையில்லை.

21 வயதுக்குக் குறைந்த பெடியன்களைக் கூட்டிக்கொண்டு போகிற பெற்றாருக்கு ஒரு சொல். அந்த வயதுக்காரருக்குச் சிகரட் விற்பது 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நாங்கள் காத்திருந்தபோது ஒரு தகப்பன் தன் மகனைக் கூட்டி வந்திருந்தார். அப்பாவின் சட்டைப் பையில் லைட்டர் துருத்திக்கொண்டு இருந்தது. அவரையும் சேர்த்துப் பதிந்தார்களோ தெரியாது, பதிந்திருந்தால் நல்லது.

போகிறவர்களுக்குச் சில விசயம். பதியும்போதே ஆலோசனை சொல்கிற பிள்ளையுடன் நேரம் கேளுங்கள், டொக்டரின் திரைப்படத்தைத் தவிர்க்க முடியுமா என்றும் கேளுங்கள். எங்களுக்குப் பிறகு வந்த ஒரு ஜோடிக்கு விட்டிருக்கிறார்கள். படி செங்குத்து, லிப்ட் கிடையாது, முழங்கால் நோ உள்ள அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். காசு கட்டினால் ரசீது கேட்டு வாங்குங்கள், தாங்களாகத் தரமாட்டார்கள். சனிக்கிழமை பின்னேரம் மட்டும் போகாதீர்கள். ரியூசன் விடுகிற நேரம், அந்த ஒழுங்கை முழுக்கச் சைக்கிள், மோட்டச்சைக்கிளை நிற்பாட்ட ஓரடி நிலம் கிடையாது.